சோதனையும் பாவமும்: பழவேற்காட்டில் எதிரெதிர் நின்ற இரு கிறிஸ்தவ மரபுகள்

தமிழ் முஸ்லிம்களாகிய நாம் அன்றாடப் பேச்சில் இரண்டு சொற்களை வேறு வேறாக வைத்து ஆண்டு வருகிறோம். பொருளை இழந்தவரையும் பிள்ளையைப் பறிகொடுத்தவரையும் தேற்றும்போது, இது அல்லாஹ்வின் சோதனை, பொறுமை கொள்ளுங்கள் என்போம். தொழுகையில் நிற்கையில் கடைக் கணக்கு மனத்தில் ஓடினால், அதனை ஷைத்தானின் ஊசாட்டம் என்போம். முன்னதை இப்திலா என்றும் பின்னதை வஸ்வாஸ் என்றும் அரபியில் ஓதியிருக்கிறோம். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டுப் பேசுவார் நம்மில் இலர். தமிழ்க் கிறிஸ்தவர்களின் வேத மொழியிலோ இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான் வழங்குகிறது. கடவுள் ஆபிரகாமைச் சோதித்தார் என்பதும் சோதனை. பாலைவெளியில் பிசாசு இயேசுவைச் சோதித்தான் என்பதும் சோதனை. ஒரு மீனவன் அயலானின் வலை நிறைந்திருக்கக் கண்டு உள்ளூர ஆசைப்பட்டான் எனில், அதுவும் சோதனையே.

சொல் ஒன்றாயிருப்பதால் ஒரு கேள்வி பிறக்கிறது. சோதனைக்கு ஆளானவன் அந்தக் கணத்திலேயே பாவியாகிவிட்டானா? அல்லது சோதனைக்கும் பாவத்திற்கும் நடுவே ஓர் எல்லைக் கோடு உண்டா? உண்டெனில் அக்கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது? கிறிஸ்தவ உலகை இரு கூறாகப் பிளந்த கேள்விகளுள் இதுவும் ஒன்று. அவ்விரு கூறும் ஒரே மணல் திட்டில், ஒன்றன் மணியோசை மற்றொன்றன் காதில் விழும் தொலைவில் வாழ்ந்த ஊர் ஒன்று நம் தமிழகத்தில் இருக்கிறது. அதுவே பழவேற்காடு.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோ மீட்டர் தொலைவில், கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே கிடக்கும் இவ்வூரை நம்மவர் நன்கறிவர். மரக்காயர்களும் லெப்பைகளும் நெடுங்காலமாகக் குடியிருந்து, கலம் செலுத்தித் துணி வணிகம் செய்து, அரபுத் தமிழில் ஏடுகள் எழுதி வைத்த ஊர் அது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையைப் பற்றி எழுதிய போர்த்துகேயரான துவார்த்தே பர்போசா, முஸ்லிம் வணிகர்களும் இந்து வணிகர்களும் நிறைந்த செல்வத் துறைமுகமாக அதனைக் குறிக்கிறார். அவருடைய இனத்தவர் பின்னர் அங்கே குடியேறினர். மகிமை மாதா ஆலயம் 1515இல் எழுந்ததென்பது அவ்வூர்க் கத்தோலிக்கரின் மரபு. அடுத்து வந்தவர் டச்சுக்காரர். அவர்களுடைய பண்டகசாலையைப் போர்த்துகேயர் 1612இல் தாக்கினர். மறு ஆண்டே, 1613இல், தம் நாட்டின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் கெல்டிரியா என்னும் கோட்டையை டச்சுக்காரர் அமைத்துக்கொண்டனர். 1690இல் தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கும்பெனிக்குத் தலைமையிடம் இதுவே.

வரலாறு எழுதுவோர் இதனை மிளகுக்கும் துணிக்கும் நடந்த போட்டியாகவே எழுதுவர். அது சரியே. எனினும், வந்தவர் இருவரும் கிறிஸ்தவர் என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவது, ஷாபியையும் ஷியாவையும் ஒன்றென்று சொல்வதைவிடப் பெரிய பிழையாகும். ஒருவர் போப்பாண்டவரின் திருச்சபையைச் சேர்ந்தவர். மற்றவர் அத்திருச்சபையை மறுத்துப் பிரிந்த கால்வினின் வழியினர். மனித உள்ளத்தைப் பற்றி இருவரும் கொண்ட கருத்து வேறு வேறு.

வேறுபாட்டைச் சொல்லுமுன் இருவர்க்கும் பொதுவானதைச் சொல்ல வேண்டும். நாம் ஈஸா நபி (அலை) என்று போற்றுபவரை அவர்கள் இயேசு என்றும் கடவுளின் குமாரர் என்றும் நம்புகின்றனர். அந்நம்பிக்கை பற்றிய வாதம் இக்கட்டுரைக்கு உரியதன்று. அவர்கள் நம்புவதை அவர்கள் நம்புகிறபடியே எடுத்துரைப்பதே ஈண்டு நம் வேலை. இயேசு பணி தொடங்குமுன் 40 நாள் பாலைவெளியில் நோன்பிருந்தார். பசித்த வேளையில் பிசாசு வந்து, கல்லை அப்பமாக்கச் சொல்லியும், ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லியும், உலக அரசுகளையெல்லாம் காட்டித் தன்னை வணங்கச் சொல்லியும் சோதித்தான். அவர் மூன்றையும் வேத வசனங்களைக் கொண்டே மறுத்தார் என்று சுவிசேஷம் கூறுகிறது. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபமோ, அவர் நம்மைப் போலவே எல்லா வகையிலும் சோதிக்கப்பட்டார், ஆயினும் பாவமில்லாதவர் என்கிறது. ஆகவே சோதிக்கப்படுதல் வேறு, பாவம் செய்தல் வேறு என்பது அவர்களுடைய வேதத்திலேயே நிலைபெற்ற செய்தி. இதில் கத்தோலிக்கர்க்கும் டச்சுக்காரர்க்கும் பிணக்கில்லை.

பிணக்கு தொடங்குமிடம் யாக்கோபின் நிருபம். கடவுள் எவரையும் தீமைக்குத் தூண்டுவதில்லை. ஒவ்வொருவனும் தன் சொந்த ஆசையாலேயே இழுக்கப்படுகிறான். அந்த ஆசை கருக்கொண்டு பாவத்தைப் பெறுகிறது. பாவம் முற்றி மரணத்தைப் பெறுகிறது என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. ஆசை, பாவம், மரணம் என மூன்று தலைமுறை. தாயாகிய ஆசையும் பாவந்தானா? பெற்றெடுத்த பிள்ளை மட்டுமே பாவமா?

கி.பி. 430இல் மறைந்த அகுஸ்தீன் இதற்கொரு படிவரிசை வகுத்தார். மலைப் பிரசங்கத்தில், ஒரு பெண்ணை இச்சையோடு நோக்குபவன் உள்ளத்திலேயே விபசாரம் செய்தவனாகிறான் என்னும் பொருள்பட வரும் இடத்திற்கு உரை எழுதுகையில், பாவம் மூன்று படிகளால் நிறைவேறுகிறது என்றார் அவர். முதலில் தூண்டல், அடுத்து அதில் இன்புறல், இறுதியில் இசைதல். ஆதித் தோட்டத்துப் பாம்பைத் தூண்டலுக்கும், ஏவாளை இன்புறலுக்கும், ஆதாமை இசைதலுக்கும் அவர் உவமை காட்டினார். பாம்பு வந்து பேசியது ஏவாளின் குற்றமன்று. பழத்தை நோக்கி நெஞ்சம் இளகியது ஆபத்து. கை நீண்டபோதுதான் கதை முடிந்தது.

இஹ்யாவில் உள்ளத்தின் விந்தைகளைப் பற்றிய பகுதியை ஓதியவர்களுக்கு இந்த இடம் புதிதாகத் தோன்றாது. அகுஸ்தீனுக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகள் பிற்பட்டவரான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், உள்ளத்தில் தோன்றும் எண்ணம், அதன்பால் சாய்வு, செய்யலாம் என்னும் தீர்ப்பு, செய்வேன் என்னும் உறுதி என நான்கு படிகளைப் பிரித்து, முதலிரண்டும் மனிதனின் விருப்பத்திற்கு அடங்காதவையாதலின் அவற்றிற்குக் குற்றம் இல்லை என்று தீர்ப்பளிப்பார்கள். உள்ளம் தனக்குள் பேசுவதை, அது சொல்லாகவோ செயலாகவோ ஆகும்வரை, இச்சமுதாயத்தினருக்கு அல்லாஹ் மன்னித்திருக்கிறான் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பதால், நம்மிடையே இக்கோடு எங்கே விழுகிறது என்பதில் பெரும் பூசல் எழவில்லை. ஆதம் (அலை) அவர்களின் தவறு அவர்களோடு மன்னிக்கப்பட்டது, மக்களுக்கு அது மரபுரிமையாக இறங்கவில்லை என்பது நம் கொள்கை. கிறிஸ்தவர்க்கு அப்படியன்று. அவர்களுடைய பூசலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்க் கத்தோலிக்கர் சென்மப் பாவம் என்று வழங்குவது, ஆதாமிடமிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் இறங்குவதாக அவர்கள் நம்பும் அந்தப் பாவத்தையே. ஞானஸ்நானம் அதனைக் கழுவிவிடுகிறது என்பதும் அவர்கள் நம்பிக்கை. ஆனால் ஞானஸ்நானம் பெற்றவனுக்கும் ஆசை எழுகிறதே. கழுவப்பட்ட பாத்திரத்தில் இந்த வாடை எங்கிருந்து வந்தது? திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கப் பேரவை 1546இல் இதற்குத் தீர்ப்பு வழங்கியது. ஞானஸ்நானம் பெற்றவரிடம் எஞ்சி நிற்கும் தீய நாட்டம் உண்மையான பொருளில் பாவம் அன்று; அது பாவத்திலிருந்து வந்தது, பாவத்தை நோக்கிச் சாய்ப்பது; மனிதன் போராடுவதற்காக அது விட்டுவைக்கப்பட்டிருக்கிறது; இசையாமல் எதிர்த்து நிற்பவனுக்கு அதனால் கேடில்லை என்பது தீர்ப்பின் சாரம். புனித பவுல் தம் நிருபத்தில் அந்நாட்டத்தைப் பாவம் என்றே அழைக்கிறாரே எனின், காரணத்தின் பெயரைக் காரியத்திற்கு இட்டு அழைத்தார் என்றனர் பேரவையினர். ஆகுபெயர் படித்த தமிழாசிரியர்களுக்கு இந்த விடை எளிதில் விளங்கும்.

சீர்திருத்தத்தார் இதனை ஏற்கவில்லை. பவுல் பாவம் என்றால் பாவமேதான் என்றனர். 1563இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் வெளிவந்த வினாவிடைப் போதகம் டச்சுத் திருச்சபையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று. 129 வினாக்களை 52 ஞாயிறுகளுக்குப் பகிர்ந்து, ஆண்டு முழுவதும் வாரந்தோறும் விளக்கும் வகையில் அது அமைந்தது. அதன் 113ஆம் வினா, அயலானுடையதை இச்சியாதே என்னும் பத்தாம் கட்டளையைப் பற்றியது. கட்டளைகளுள் எதற்கும் மாறான மிகச் சிறிய எண்ணமோ நாட்டமோகூட நம் உள்ளத்தில் ஒருபோதும் எழக்கூடாது என்பதே அக்கட்டளை கேட்பது என்று விடை சொல்கிறது அப்போதகம். எழுந்ததற்கு இசையக்கூடாது என்று சொல்லவில்லை. எழவே கூடாது என்கிறது. எழுமாயின் கட்டளை மீறப்பட்டது.

பழவேற்காட்டு உப்பங்கழியில் நின்று இவ்விரு தீர்ப்புகளையும் நினைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அங்கே மீனவர்களுக்குள் பாடு என்னும் முறை உண்டு. இறால் நிறைந்த நீர்ப்பகுதி இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை வைத்து, சீட்டுப் போட்டு, உரிமையுள்ள குடும்பங்களுக்குள் பகிர்ந்துகொள்வர். தன் பாடு வறண்டு, அயலான் பாடு நிறைந்திருக்கக் காண்பவனின் நெஞ்சில் ஒரு குறுகுறுப்பு எழுகிறது. வலையைத் தொடவில்லை, தொட எண்ணவும் இல்லை. நெஞ்சு மட்டும் ஒரு கணம் அசைந்தது. கத்தோலிக்கக் குருவிடம் அவன் சென்றால், மகனே, இது சோதனை, நீ இசையவில்லை, இதில் பாவமில்லை என்பார். கெல்டிரியாக் கோட்டைப் போதகரிடம் சென்றிருந்தால், அந்த அசைவே உன் பாவத்தின் சான்று என்றிருப்பார். (பாடு என்னும் சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர் இயேசு பட்ட துன்பங்களுக்குப் பெயராக வழங்குவதும், அதே சொல் இங்கே மீன்பிடி முறைக்குப் பெயராயிருப்பதும் தற்செயலே, எனினும் சொல்லாமல் விட மனமில்லை.)

டச்சுப் போதகரை இதனால் இரக்கமற்றவர் என்று எண்ணிவிடலாகாது. அதே வினாவிடையின் அடுத்த பகுதி, மிகப் பரிசுத்தரான மனிதரும் இவ்வுலகில் இக்கட்டளையைக் கடைப்பிடிப்பதில் ஒரு சிறு தொடக்கத்தையே எட்டுகின்றனர் என்று ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் எட்டாத கட்டளையை ஏன் இவ்வளவு கண்டிப்பாகப் போதிக்க வேண்டும் எனின், மனிதன் தன் கையிருப்பை எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டு மன்னிப்பையே நாட வேண்டும் என்பதற்காக என்கிறது. லூதரும் கோட்பாட்டில் ஆசையைப் பாவம் என்றவரே; ஆயினும் சோதனையை உணர்வது வேறு, அதற்கு இணங்குவது வேறு என்று எழுதினார். தலைக்கு மேலே பறவை பறப்பதைத் தடுக்க இயலாது, தலையில் கூடு கட்டுவதைத் தடுக்கலாம் என்னும் பழைய துறவியொருவரின் உவமையையும் அவர் எடுத்தாண்டார். கோட்பாடு பிரிந்த அளவுக்கு ஆறுதல் சொல்லும் வேலை பிரியவில்லை.

எனினும் சீர்திருத்தத்தாரின் நிலையில் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளத்தில் எழும் நாட்டமே பாவமாயின், எல்லா வகையிலும் சோதிக்கப்பட்ட இயேசுவைப் பாவமற்றவர் என்பதெப்படி? அவருக்கு வந்த சோதனை வெளியிலிருந்து மட்டுமே வந்தது. உள்ளிருந்து அதற்கு எதிரொலி எழவில்லை என்பது அவர்களுடைய விடை. அவ்வாறாயின் நம்மைப் போலவே என்னும் சொல்லுக்கு என்ன பொருள் என்று எதிர் தரப்பு கேட்கும். இந்த வாதம் இன்றளவும் அவர்களுடைய கல்விக்கூடங்களில் நடந்து வருகிறது.

கோட்பாடு வாழ்க்கையில் இறங்கும் வழியும் இரு தரப்பாருக்கும் வேறுபட்டது. கத்தோலிக்கரிடம் பாவசங்கீர்த்தனம் என்னும் முறை உண்டு. குருவின் முன் முழந்தாளிட்டு, செய்த பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இதற்காகவே தமிழில் ஒரு கையேடு அச்சிடப்பட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. தம்பிரான் வணக்கம் என்னும் நூலை 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சிட்ட ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியாரே, 1580இல் கொச்சியிலிருந்து பாவசங்கீர்த்தனக் கையேட்டையும் வெளியிட்டார். இந்திய மொழி அச்சின் முதல் சில நூல்களுள் ஒன்று பாவத்தை எண்ணிச் சொல்லக் கற்பிப்பதாக அமைந்தது. கனமான காரியம், முழு அறிவு, முழு இசைவு ஆகிய மூன்றும் கூடினால் சாவான பாவம். ஒன்று குறையினும் அற்பப் பாவம் என்று எடை போடுவது கத்தோலிக்க மரபு. எடை போடுவதாயின் எல்லைக்கோடு வேண்டும். சோதனை இவ்வளவு, பாவம் இவ்வளவு என்று பிரித்துக் காட்டாமல் குரு தீர்ப்புச் சொல்ல முடியாது. டச்சுச் சபையில் இந்த முழந்தாளிடல் இல்லை. ஞாயிறுதோறும் பிரசங்கமும் வினாவிடையுமே. எண்ணிக்கை தேவைப்படாத இடத்தில் கோட்டுக்கும் தேவை குறைகிறது. நம் கருத்தில், இரு சபைகளின் கோட்பாடு அவற்றின் வழக்கத்தோடு இவ்வாறு பின்னிக்கிடப்பதைக் காணாமல் ஏட்டை மட்டும் ஒப்பிடுவோர் பாதியையே காண்பர்.

கோட்டைப் போதகர்களுள் ஒருவரை மட்டும் பெயர் சொல்லியாக வேண்டும். ஆபிரகாம் ரொஜேரியுஸ் என்பார் 1630களின் தொடக்கத்தில் பழவேற்காடு வந்து ஏறத்தாழ 10 ஆண்டுகள் தங்கினார். பத்மநாபன் என்னும் பிராமணர் அவருக்குப் பழக்கமானார். இருவருக்கும் பொதுவாயிருந்த மொழி தமிழன்று, டச்சும் அன்று, போர்த்துகேயம். கோட்டையைப் பிடித்தவர் மாறினும் கரையோரத்தின் பொது மொழி மாறவில்லை. ஆகவே கால்வினின் வழிவந்த போதகர், பாவம், சோதனை, ஆசை ஆகியவற்றைப் பற்றிப் பிராமணரிடம் வினவியதும் விடை பெற்றதும், தம் எதிரிச் சபையின் மொழியிலேதான். அந்த உரையாடலின் விளைவாக எழுந்த நூல், மறைந்திருந்த புறச்சமயத்திற்குத் திறந்த கதவு என்னும் பொருளுடைய பெயரோடு, அவர் மறைந்த பின் 1651இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. அதில் பர்த்ருஹரியின் பாடல்கள் 200 டச்சு மொழியில் இடம்பெற்றன. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாக அச்சேறியது இவ்வாறு, நம் பழவேற்காட்டு வழியாகத்தான்.

பர்த்ருஹரி பாடியனவோ நீதி, சிருங்காரம், வைராக்கியம் என மூன்று நூறுகள். ரொஜேரியுசின் நூலில் நீதியும் வைராக்கியமும் இருக்கின்றன, சிருங்காரம் இல்லை. ஆசையைத் துறக்கும் நூறு கடல் கடந்தது, ஆசையைப் பாடும் நூறு கரையிலேயே நின்றுவிட்டது. காரணத்தை ஊகிக்க அதிகம் முயல வேண்டியதில்லை. எழுந்த எண்ணமே பாவம் என்று ஞாயிறுதோறும் விளக்கிய போதகரிடம், எண்ணத்தை எழுப்பவே இயற்றப்பட்ட பாடல்களை எப்பிராமணர்தாம் கொடுப்பார்?

இவ்வளவு நுட்பமாக உள்ளத்தை ஆராய்ந்த கோட்டையின் வாசலில் வேறொன்றும் நடந்து கொண்டிருந்தது. போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம், 1620களிலும் அதன் பின்னரும், டச்சுக் கும்பெனி பழவேற்காடு முதலான சோழமண்டலத் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழரையும் தெலுங்கரையும் அடிமைகளாக வாங்கிப் பட்டாவியாவுக்குக் கப்பலேற்றியது. பசியால் தம்மைத் தாமே விற்றவர்களும், பெற்றோரால் விற்கப்பட்ட பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். தரகு பார்த்தவர்களில் பல சமயத்தவரும் உண்டு; வங்கக் கடலில் மனிதரை வாங்கி விற்றோருள் முஸ்லிம்களும் இருந்தனர் என்பதை மறைத்து எழுதுவது நமக்கு அழகாகாது. நம் பிக்ஹு நூல்களிலும் அடிமையைப் பற்றிய பாடங்கள் இருக்கவே செய்கின்றன.

இங்கேதான் சோதனை, பாவம் என்னும் இரு சொற்களும் நம்மை நிறுத்துகின்றன. பஞ்ச காலத்தில் ஒரு தாய் பிள்ளையோடு கோட்டை வாசலில் நிற்கிறாள். விலை மலிவு. வாங்குபவனின் உள்ளத்தில் தூண்டல், இன்புறல், இசைதல் என்னும் படிகள் ஏதேனும் நிகழ்ந்தனவா? பட்டாவியாவிலிருந்து ஆணை வந்தது, கணக்குப் புத்தகத்தில் வரி எழுதப்பட்டது, கப்பல் புறப்பட்டது. அயலான் வலையைப் பார்த்து ஒரு கணம் நெஞ்சு அசைந்ததைப் பாவம் என்று பிடித்துவிடும் வினாவிடை, ஒருவன் நெஞ்சும் அசையாமல் நடந்த இந்தக் காரியத்தைப் பிடிக்கவில்லை. கத்தோலிக்கரின் எடைக்கோலும் பிடிக்கவில்லை. போர்த்துகேயர் அவர்களுக்கு முன்னரே இவ்வணிகத்தில் இருந்தவர்கள். இரு சபைகளின் கருவிகளும் ஒரு மனிதனின் உள்ளத்தை அளப்பதற்குச் செய்யப்பட்டவை. கும்பெனிக்கு உள்ளம் ஏது, சோதனை வருவதற்கு? வழக்கமாகிப் போன பாவம் சோதனை என்னும் வாசலைத் தட்டுவதில்லை. அது வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது.

ஆயினும் அவர்களுள்ளேயே ஒருவர் இதைக் கண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாகோபுஸ் ஹொண்டியுஸ் என்னும் டச்சுப் போதகர் 1679இல், ஆயிரம் பாவங்களின் கறுப்புப் பதிவேடு என்னும் பொருள்படும் நூலொன்றை வெளியிட்டார். தம் சபையார் பாவமென்று உணராமலே செய்துவரும் காரியங்களை எண்ணிட்டு அடுக்கிய அந்நூலில், மனிதரை வாங்கி விற்பதும் ஒரு பாவமாக இடம்பெற்றது. கும்பெனி அதற்காக ஒரு கப்பலையும் நிறுத்தவில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் பெய்ரஸ்மோஸ் என்னும் ஒரே சொல் பரீட்சையையும் தூண்டுதலையும் குறிக்கும். ரொஜேரியுஸ் பழவேற்காட்டில் இருந்த நாளில், 1637இல், டச்சுச் சபையின் அதிகாரபூர்வமான வேதமொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதிலும் ஆபிரகாமைக் கடவுள் சோதித்ததற்கும் பிசாசின் தூண்டுதலுக்கும் ஒரே வினைச்சொல்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் அவ்வழியே சென்று, தூய்மை செய்தல், ஆராய்தல் என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்த சோதனையை இரண்டிற்கும் வைத்தனர். பொன்னை நெருப்பிலிட்டு மாசு பிரித்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பித்னா என்னும் அரபுச் சொல் பிறந்ததை அறிந்தோர்க்கு இத்தேர்வின் அழகு புலப்படும். ஆனால் 1865இல் பெய்ரூத்தில் நிறைவெய்திய அரபு வேதாகமத்தில் வேறு வழி கையாளப்பட்டது. கடவுள் இப்ராஹீமைச் சோதித்ததற்கு இம்தஹன என்றும், பிசாசின் செயலுக்கும் யாக்கோபின் நிருபத்திற்கும் ஜர்ரப என்றும் இரு சொற்கள் ஆளப்பட்டன. அம்மொழிபெயர்ப்பின் அரபு நடையைச் சீர்பார்த்தவர் அஸ்ஹரில் பயின்ற முஸ்லிம் அறிஞரான ஷைகு யூசுப் அல்அஸீர் என்பது குறிக்கத்தக்கது. கடவுள் தூண்டுவாரா என்னும் ஐயம், அரபு படிப்பவனுக்குத் தமிழ் படிப்பவனுக்கு எழும் அளவுக்கு எழாது.

இந்த ஐயம் பழங்கதையன்று. கர்த்தர் கற்பித்த செபத்தில் சோதனையைப் பற்றிய வேண்டுதல் ஒன்று உண்டு. பழைய தமிழ்க் கத்தோலிக்கச் செபத்தில் அதற்கான வினை 'விழவிடாதே' என்பது. புராட்டஸ்டண்டு வழக்கில் 'உட்படப்பண்ணாதே' என்னும் கருத்துடையது. முதல் வினையில் சோதனை எங்கிருந்தோ வருகிறது, கடவுள் தாங்கிப் பிடிக்கிறார். இரண்டாவதில் கடவுளே கொண்டுபோய் நிறுத்துவதாகத் தோன்றும். பிரெஞ்சுக் கத்தோலிக்கர் 2017 டிசம்பரில் தம் செபத்தை, சோதனைக்குள் நுழைய விடாதே என்னும் பொருள்பட மாற்றினர். மனிதனைச் சோதனைக்குள் தள்ளுவது சைத்தானின் வேலை, தந்தை அதைச் செய்வதில்லை என்னும் கருத்துப்பட போப்பாண்டவர் பிரான்சிஸ் அம்மாதமே பேசினார். 2025இல் மறைந்த அவர், இத்தாலியச் செபம் 2020இல் மாறியதையும் கண்டார். தமிழ்க் கத்தோலிக்கரோ அவ்விருவரும் போய்ச் சேர்ந்த இடத்தில் முன்பே நின்றவர்கள். வியப்பு என்னவெனில், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'உட்படுத்தாதே' என்னும் வினையை வைத்தது. தமிழ் ஆலயங்களின் செபமும் அவ்வாறே மாறிற்று. பிரெஞ்சும் இத்தாலியமும் விட்டுவந்த இடத்தை நோக்கித் தமிழ் நடந்திருக்கிறது. கிரேக்க மூலத்திற்கு நெருக்கமாயிருக்க வேண்டும் என்பதற்காகவா, பிற சபைகளோடு ஒன்றிய மொழியில் வேண்ட வேண்டும் என்பதற்காகவா? தமிழ்க் கத்தோலிக்க அறிஞர் எவரேனும் இதனை விளக்கி எழுதுவாராயின், இவ்விதழில் முதலில் படிக்க ஆவலுடையவர்களுள் நாமும் இருப்போம்.